இறுக்காத இடது முன்சில்லு

1997 யூன் 27, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு பெய்த மழை விட்டிருந்தது. வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த ஒழுங்கை கடற்கரை ரயில் பாதையில் போய் முடியும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அங்கே யன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். குளித்து, விபூதி பூசி, இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டேன். அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். வழக்கம்போல வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி, வரிசையாக நடந்து, அட்டையைக் காட்டி, மறுபடி ஏறினோம். கொட்டாஞ்சேனையில் கராஜின் தகரக் கதவைத் திறந்து, சாவிகளை ஆணியில் மாட்டி, முதல் நாள் பாவித்த ஸ்பனர், ஸ்குரூட்ரைவர் ஆயுதங்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கினேன். என் நாட்குறிப்பில் அன்று காலைக்கு ஒரே வரிதான்: மகாலிங்கம் ஐயாவின் கார், இன்று ஒப்படைப்பு.

முழங்கால் ஒத்துவராததால் நான் வேலையை விட்டு இப்போது இரண்டு வருடமாகிறது. தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் சிலர் என்னைத் தேடி வரும்போது, துருப்பிடித்த சஸ்பென்சனை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று கேட்கிறீர்கள். அதைக் கைத்தொலைபேசியில் பார்த்தே படித்துவிடலாம். ஒரு வேலை பிழைத்துப்போனது தெரிந்த அடுத்த நிமிடத்தில் என்ன செய்வது என்பதை அதில் யாரும் காட்டுவதில்லை. அதனால்தான் இந்தக் காரைப் பற்றி எழுதுகிறேன்.

மகாலிங்கம் ஐயா ஓய்வுபெற்ற வங்கி மனேச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். வீடு என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில், கடலுக்கு இன்னும் கிட்டவாக. அவருடைய கார் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கடும் பச்சை நிறம். ஞாயிறுதோறும் அவரே மெழுகு பூசித் துடைப்பார். பொனற்றில் குனிந்தால் முகம் தெரியும். அடியில் மட்டும் யாரும் குனிந்து பார்த்ததில்லை.

நாங்கள் காரைத் தூக்கிப் பார்த்தபோது அடியெல்லாம் கறுப்பாக, புதிதுபோல இருந்தது. முன்பு யாரோ துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே தாரைத் தடிப்பாகப் பூசிவிட்டிருந்தார்கள். ஸ்குரூட்ரைவர் நுனியால் தாரை உரித்து அழுத்தினேன். நனைந்த பிஸ்கட்டுக்குள் போவது போல உள்ளே போனது. நான் குத்திய இடம் சாதாரண இடம் அல்ல. சில்லைக் காரின் உடலோடு பிடித்து வைத்திருக்கும் கீழ்க்கை, கராஜில் நாங்கள் 'லோவர் ஆம்' என்று சொல்வது. முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு சோடி உண்டு. நான்கும் அதே நிலை.

எங்கள் வெல்டிங் பாஸ், அதாவது அந்த வேலையின் மூத்த தொழிலாளி, சுமனபால. என்னைவிட இருபது வயது மூத்தவர், களனிப் பக்கத்தவர். அவரும் நானும் பேசுவது சிங்களத்தில்தான். கராஜ் முதலாளி, ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாமே என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். சுமனபால கண்ணாடியைக் கழற்றாமலே மறுத்துவிட்டார். கதவுக்கு ஒட்டுப் போடுவேன், தரைத் தகட்டுக்குப் போடுவேன், சில்லைத் தாங்குகிற சாமானுக்குப் போடமாட்டேன் என்றார். முதலாளிக்குக் கோபம். அவர் கேட்டதைச் செய்யக்கூடிய கைதான் சுமனபாலவுடையது. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதை அந்தக் கை முன்பே தீர்மானித்து வைத்திருந்தது. நீங்களும் உங்களுக்கென்று அப்படி ஒரு கோட்டை வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே கீறிக்கொள்ளுங்கள். முதலாளி முன்னால் நிற்கும்போது கீறப் போனால் கோடு வளையும்.

பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தேடியும் அந்தக் காருக்குச் சாமான் இல்லை. கடைசியில் லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த ஐயாவின் மருமகன் நான்கையும் சூட்கேசில் கொண்டு வந்தார். கிறீஸ் பூசி, பழைய சேலை ஒன்றில் சுற்றிய இரும்புகள். யுத்த காலத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டினால் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கவில்லை. அதிகாரிகள் அவரைத் தனியே இருத்திவிட்டார்கள். நல்லவேளையாக, அவர்களில் மூத்தவர் ஒருவர் தன் இளமையில் அதே வகைக் கார் வைத்திருந்தவராம். சேலையை விரித்துப் பார்த்ததும், எனக்கு இது கிடைக்கவே இல்லையே என்றாராம்.

புதிய கைகளை மாட்டியவன் அந்தோனி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன், என்னைவிடச் சில வயது இளையவன், எங்கள் கராஜில் நிதானமான கை அவனுடையது. இங்கே ஒரு விடயத்தை மட்டும் விளக்க வேண்டும். அந்தக் கைகள் குறுக்குத் தண்டு ஒன்றில் ரப்பர் புஷ்ஷோடு மாட்டப்படும். அவற்றைப் பிடிக்கும் நட்டுகளைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. அப்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிக் கிழியும். எனவே கையால் சுழற்றக்கூடிய அளவுக்கு மட்டும் பூட்டிவிட்டு, காரை நிலத்தில் இறக்கி, அது தன் பாரத்தோடு நின்ற பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். அதன் பிறகு நட்டு கழன்றுவிடாதபடி குறுக்கே ஒரு ஊசியைச் செருகி வளைத்துவிட வேண்டும். அதுதான் ஸ்பிளிட் பின்.

வெள்ளிக்கிழமை காலை அந்தோனி காரை இறக்கி, வலது பக்கத்தை இறுக்கி, ஊசிகளையும் செருகி முடித்தான். இடது பக்கத்துக்குப் போக முன்னர் மகாலிங்கம் ஐயா வந்துவிட்டார். பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தவர். பட்டுச் சால்வை, ஒரு பையில் தேங்காய், கற்பூரம், செவ்வந்தி மாலை, நான்கு எலுமிச்சம்பழங்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகுகாலம். அதற்கு முன் காருக்குப் பூசை செய்து, சில்லுகள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கிவிட வேண்டும் என்றார். பின்னேரம் மழை வரும் என்றும் சொன்னார். முதலாளி உடனே ஒத்துக்கொண்டார்.

பூசை என்றால் கராஜில் அது என் பொறுப்பு, ஏனென்றால் அங்கே வேலையாட்களில் சைவன் நான் ஒருவன்தான். வாசலில் தண்ணீர் தெளித்தேன். மாலையைப் பொனற்றில் போட்டேன். ஐயா கற்பூரம் கொளுத்தினார். சுமனபால சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். அந்தோனியும் தொப்பியை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றான். மற்றவருடைய கும்பிடுதலுக்கு நடுவே யாரும் இருமக்கூட மாட்டோம். யுத்த காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே மூன்று சமயத்தவர் வேலை செய்த எங்களுக்கு அது சொல்லாமலே பழகிய மரியாதை.

ஐயா காரில் ஏறினார். பழங்கள் நசுங்கின. கார் மெதுவாக வாசலுக்குப் போய், பின்னால் திரும்பி வரும், தேநீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கையை உயர்த்தி அசைத்தார். கார் கேற்றைத் தாண்டி வீதியில் இறங்கிவிட்டது. நாங்களும் சிரித்துக்கொண்டு கையசைத்தோம்.

அந்தோனி அப்போது பின்பக்கம் குழாயடிக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது ஒரு கையில் ஸ்பனர், மற்றக் கையில் தேநீர்க் கோப்பையின் தட்டு. தட்டில் இரண்டு ஸ்பிளிட் பின்கள்.

"கார் எங்க?" என்றான்.

நான் தட்டைப் பார்த்தேன். அவன் வாசலில் நசுங்கிக் கிடந்த பழங்களைப் பார்த்தான்.

"இடது பக்கம் இறுக்கல்ல அண்ணே. உங்கட பூசை நடக்கிது, சாமிக்கு முன்னால நான் காருக்கடியில போய்ப் படுக்கிறதா எண்டு நெனச்சன். முடிஞ்ச கையோட இறுக்கலாம் எண்டுதான் நிண்டன்."

அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய தேவாலயத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

இடது முன்சில்லின் இரண்டு நட்டுகளும் விரலால் சுழற்றிய இறுக்கத்தில் இருந்தன. நேர் வீதியில், மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பிறேக்குக்கும், ஒவ்வொரு குழிக்கும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அது கழன்று, கை தண்டை விட்டு நழுவினால், அடுத்த பிறேக்கில் சில்லு பின்னுக்கு மடியும். கார் இடப்பக்கம் பாயும். நம் வீதிகளில் இடப்பக்கம் நடைபாதை. ஆனால் அந்த வருடங்களில் எல்லோரும் பலமாகப் பிறேக் பிடித்த இடம் ஒன்றுதான்: சோதனைச் சாவடி. தார்ப்பீப்பாக்களை வளைந்து வளைந்து தாண்டி நிறுத்த வேண்டும். அங்கே இடப்பக்கம் இருந்தது மணல்மூட்டைகளும் அவற்றுக்குப் பின்னால் துவக்கு ஏந்திய சிப்பாய்களும். ஒரு தமிழர் ஓட்டும் கார் நிற்காமல் மணல்மூட்டையை நோக்கிப் பாய்ந்தால், அது சில்லுப் பிழை என்று விசாரிக்க யாரும் பொறுக்கமாட்டார்கள்.

சுமனபால மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். "ஏறு தம்பி, புறக்கோட்டை நெரிசலுக்குள் பிடித்துவிடலாம்." நானும் காலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய காலை இறக்கியதுதான் அன்று நான் செய்த வேலைகளில் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிழை தெரிந்ததும் உடம்பு ஓடப் பார்க்கும். ஓடுவது எதையோ செய்வது போல இருக்கும். நீங்கள் ஒரு கணம் நின்று, ஓடினால் என்ன ஆகும் என்று கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் அவர் எந்த வீதியால் திரும்பினார் என்று எங்களுக்குத் தெரியாது. பிடித்தாலும் நாங்கள் கையை ஆட்டிக் கத்தினால் அவர் செய்யப்போவது பலமாகப் பிறேக் பிடிப்பது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் ஒரு காரைத் துரத்திக்கொண்டு சாவடிக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தும் பயனில்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவாரா என்பதுதானே கேள்வி.

அவருக்கு முன்னால் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாவடிக்குச் சாவடி பேசும் வயர்லெஸ்.

எங்கள் சந்தியில் இருந்த சாவடிக்கு நடந்தே போனோம். ஸ்பனரையும் அந்த இரண்டு ஊசிகளையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன், கையில் இரும்போடு போகக்கூடாது என்பதற்காக. வழியில் சுமனபாலவும் நானும் வசனத்தை ஒத்திகை பார்த்தோம். கார் சாவடியில் மோதக்கூடும் என்று தொடங்கினால் அது எச்சரிக்கையாகக் கேட்காது, மிரட்டலாகக் கேட்கும். சில்லு கழலும் என்று தொடங்கினால் அதைக் கேட்டு முடிக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. ஒரு காரை நிறுத்தித் தாருங்கள் என்று தொடங்குவோம் என்றேன். போக விடுங்கள் என்று கேட்பவனைத்தான் சாவடியில் சந்தேகிப்பார்கள். நிறுத்துங்கள் என்று வந்து கேட்பவனை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் பேசுகிறேன், நீ பின்னால் நில் என்றார் சுமனபால. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவன் நான். பதில் தெரிந்தவன் ஒளிந்து நிற்பது நல்லதல்ல. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனோம்.

அன்று காலைக் கடமையில் இருந்தவர் நடுவயதுக் கோப்ரல். ஒடிசலான மனிதர், மழைக்கோட்டுக்குள் இன்னும் ஒடிசலாகத் தெரிந்தார். நான் என் கராஜ் சிங்களத்தில், ஒரு பச்சைக் காரை நிறுத்தித் தர வேண்டும் சேர் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். யாருடைய கார் என்றார். மகாலிங்கம். எங்கே போகிறது? வெள்ளவத்தைக்கு. உன் பெயர்? சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும், அவருக்குப் பின்னால் நின்ற சிப்பாய் ஒரு அடி கிட்ட வந்தான். பொய் சொல்ல ஒன்றுமே இல்லாதபோதும் உண்மை இவ்வளவு மோசமாகக் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நீயே பின்னால் போயிருக்கலாமே. ஏன் இங்கே வந்தாய்?"

"மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் ஒரு காரைத் துரத்திக்கொண்டு வந்தால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் சேர்?"

சுமனபால என் காலை மிதித்தார். கோப்ரல் என்னை நேராகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி அடையாள அட்டையைக் கேட்டார். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். கார் இவன் சொல்வது போல இருந்தால் அட்டை திரும்பக் கிடைக்கும் என்று சுமனபாலவிடம் சொன்னார்.

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தபோது நான் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம். திடீரென்று குறுக்கே பாய்ந்து நிறுத்த வேண்டாம், தூரத்திலிருந்தே மெதுவாக்கச் சொல்லிக் கையைக் காட்டச் சொல்லுங்கள், பலமாகப் பிறேக் பிடித்தால் அதுதான் ஆபத்து என்றேன்.

"கார் நிறுத்த எனக்குச் சொல்லித் தருகிறாயா?"

"இல்லை சேர். இந்தக் காரை நிறுத்த மட்டும்."

அதற்குமேல் சொல்ல எனக்கு ஒரு வசனம் இருந்தது. சுடாதீர்கள் என்பதுதான் அது. அந்தச் சொல்லை நான் வாயில் எடுத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று தெரிந்து விழுங்கினேன். கோப்ரல் வயர்லெஸ்ஸில் காரின் நிறத்தைச் சொன்னார், இலக்கத்தைச் சொன்னார், வயதான ஐயா ஒருவர் ஓட்டுகிறார் என்றார், தூரத்தில் வைத்தே மெதுவாக்குங்கள் என்றார். பேச்சை முடிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"கார் இடது பக்கம் இழுத்தால் பயப்பட வேண்டாம். ரோதே விதரயி."

சில்லு மட்டும்தான். நான் கேட்காததை அவரே சொல்லிவிட்டார்.

எங்களைப் போகச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவதையும் அறிவித்தார். கராஜுக்குத் திரும்பி மோட்டார் சைக்கிளை எடுத்தோம். சுமனபால ஓட்டினார், என் வாழ்க்கையில் நான் போன மிக மெதுவான பயணம் அது. எந்தச் சாவடிக்குக் கிட்ட வந்தாலும் துவக்குச் சத்தம் கேட்குமோ என்று காது அங்கேதான் இருந்தது. புறக்கோட்டையில் மரக்கறி லொறி ஒன்றின் பின்கதவு படாரென்று விழுந்தபோது நான் சுமனபாலவின் தோளைப் பிடித்த பிடியை அவர் பல நாள் சொல்லிக் காட்டினார். ஓரிடத்தில் என்னிடம் அட்டை கேட்டார்கள். அட்டை கொட்டாஞ்சேனைக் கோப்ரலிடம் இருக்கிறது என்றதும், ஓ, சில்லுக்காரர்களா என்று விட்டுவிட்டார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

காலி வீதியில், கொள்ளுப்பிட்டிச் சாவடிக்கு வெகு முன்னால், மரம் ஒன்றின் கீழே கார் நின்றது. பொனற்றில் செவ்வந்தி மாலை இன்னும் சரியாமல் இருந்தது. மகாலிங்கம் ஐயா நடைபாதையில், சால்வையை இறுக்கிப் போர்த்துக்கொண்டு, இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே. உடம்பில் ஒரு கீறலும் இல்லை.

அவர் என்னைக் கண்டதும் குரல் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரலை எந்தக் கத்தலும் மிஞ்சாது.

"தம்பி, நீரோ என்னைப் பிடிச்சுக் குடுத்தனீர்?"

அவரைப் பொறுத்தவரை நடந்தது அதுதான். கொட்டாஞ்சேனையில் இருந்து யாரோ அவருடைய காரின் இலக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடங்களில் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த அரை மணித்தியாலத்தில் அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று யோசித்தேன்.

"ஓம் ஐயா, நான்தான். குனிஞ்சு பாருங்கோ."

சாக்கை வீதியில் விரித்துக் காருக்குக் கீழே போனேன். தலைக்குப் பக்கத்தில் சிப்பாய் ஒருவனின் சப்பாத்துகள். பிறகு அவனுடைய முகமும் கீழே வந்தது. முன் நட்டு தண்டின் நுனிக்கே வந்துவிட்டது. வாஷர் சரிந்து, கை தண்டில் விரல் அகலம் நகர்ந்திருந்தது. நட்டைத் தொட்டேன், உள்ளங்கையில் விழுந்துவிட்டது. ஸ்பனரே தேவைப்படவில்லை. அதைக் காருக்கு வெளியே நீட்டினேன். ஐயாவின் கை வந்து வாங்கியது.

அவர் நட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, புறக்கோட்டையிலேயே கார் இடப்பக்கம் இழுத்தது தனக்குத் தெரிந்தது என்றும், புது ரப்பர் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"வீட்டை போய் மனுசியை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போறதெண்டு இருந்தனான்," என்றார். "அவ இடது பக்கச் சீற்றிலைதானே இருப்பா."

நட்டைத் திருப்பித் தந்தார். கார் தன் பாரத்தோடு நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. இறுக்குவதற்கு வேண்டியதும் அதுதான். கராஜ் தரைக்குப் பதிலாகக் காலி வீதி, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நட்டையும் இறுக்கி, ஊசிகளைச் செருகி, நுனிகளை வளைத்தேன். சிப்பாய் விரலால் ஊசியைத் தொட்டு, இந்தச் சின்னத் துண்டுதானா என்று கேட்டான். ஓம், இதுதான் என்றேன். தூறல் தொடங்கியது. ஐயா கூரையை விரித்துப் போட, சிப்பாய்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொடுத்தார்கள்.

அவரோடு வெள்ளவத்தைவரை போகலாமா என்று சுமனபால கேட்டார். ஐயா வேண்டாம் என்றார். புறப்படும்போது என் பக்கம் திரும்பாமல், "நீர் வேறை ஆளெண்டால் என்ரை வீட்டுக்குப் போன் பண்ணிப்போட்டுச் சும்மா இருந்திருப்பீர், என்ன?" என்றார். அது நன்றியா, இன்னும் மிச்சமிருந்த கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

கராஜுக்குத் திரும்பியபோது அந்தோனி தொலைபேசிக்குப் பக்கத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான், மத்தியானச் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமல். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. அவனையே எடுக்கச் சொன்னேன். ஐயாவின் மனைவி பேசினார். அவர் வந்திட்டார், இப்ப சாப்பிடுறார் என்று மட்டும் சொன்னாராம். அந்தோனி ரிசீவரை வைத்துவிட்டுப் பொதியைப் பிரித்தான்.

முதலாளி, யார் பிழை என்று கேட்டார். பிழையைப் பிரித்துக் கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை. மரியாதையால் வந்த பிழைக்கு யாரைத் தண்டிப்பது? அன்று பின்னேரம் எங்களுக்குள் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். வேலை முடியாத வண்டியைப் பார்த்து யாராவது 'பொறுங்கோ' என்று சொன்னால், அங்கே நடப்பது எவருடைய பூசையாக இருந்தாலும், பௌத்தரின் பிரித் ஓதலாக இருந்தாலும், சுவாமியார் தண்ணீர் தெளிப்பதாக இருந்தாலும், எல்லோரும் பொறுக்க வேண்டும். சொன்னவனை அதற்காக யாரும் குறை சொல்லக்கூடாது. முதல் தடவை அப்படிச் சொன்னவன் அந்தோனிதான், சில மாதங்களுக்குப் பிறகு, முதலாளியின் சொந்த வானின் முன்னால் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது. ஐயர் நிறுத்தினார். பார்த்தால் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் இறுக்கியிருந்தது. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. முதலாளி அவனுக்கு முதல் பிரசாதத்தைக் கொடுக்கச் சொன்னார். பிழை இல்லாதபோதும் 'பொறுங்கோ' சொன்னவனை மதித்தால்தான், பிழை இருக்கும் நாளில் ஒருவன் வாய் திறப்பான். நீங்கள் ஒரு காலம் கராஜ் நடத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

அடையாள அட்டையைக் கேட்க நாங்கள் சந்திக்குப் போனபோது கோப்ரலின் கடமை முடிந்துவிட்டிருந்தது. அட்டை அவருடைய சட்டைப்பையோடு போய்விட்டது. காலையில்தான் வருவார் என்றார்கள். அட்டை இல்லாமல் வெள்ளவத்தைக்குப் போக முடியாது. அன்றிரவு அந்தோனியின் வீட்டில் தங்கினேன். வெள்ளிக்கிழமை என்று எனக்காக அவனுடைய அம்மா பருப்பும் கீரையும் சமைத்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, கராஜைத் திறக்க முன்னர், முதல் வேலையாகச் சந்திக்குப் போனேன். கோப்ரல் மணல்மூட்டையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையை வைத்துவிட்டு, கார் எப்படி என்று கேட்டார். நட்டு கையில் விழுந்ததைச் சொன்னேன்.

"நீ போன பிறகுதான் யோசித்தேன்," என்றார். "சில்லு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும்?"

பையின் பொத்தானைத் திறந்து அட்டையை எடுத்தார். ஈரம் படாமல் சிகரெட் பெட்டியின் கண்ணாடித் தாளில் சுற்றி வைத்திருந்தார். என் கையில் தந்தார். நான் நன்றி சொல்லி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பின்னால் கூப்பிட்டார். அவருடைய மேலதிகாரியின் ஜீப் சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது. கோப்ரல் கையை நீட்டியபடி நின்றார்.

"ஐ.சி."

அட்டையை எடுத்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். திருப்பித் தந்து, போகச் சொல்லித் தலையசைத்தார்.